ஆறுதலாத்தான் நடக்கிறன்

டன்டினோங், மெல்பேர்ண்
12.07.2020

அன்புத் தம்பி மகேந்திரராஜாவுக்கு,

அக்கா பாலேஸ்வரி எழுதுவது. இங்கே நான் உயிரோடும் வாயோடும் இருக்கிறேன். நீயும் சுகமாக இருக்க வேண்டுமென்று இங்கே பேசின் என்ற இடத்துக் கோயில் பிள்ளையாரைக் கும்பிடுகிறேன். கோயிலுக்குப் போக வழியில்லாததால் கதிரையில் இருந்தபடியேதான் கும்பிடு.

ஞாயிறு தோறும் ஃபோனில் கதைக்கிறோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று யோசிப்பாய். எல்லாம் என் பிசியோப் பெண்ணின் வேலை. மார்ச்சில் இருந்து பயிற்சிக்கூடமும் வெந்நீர்க் குளமும் பூட்டு. தண்ணீருக்குள் நிற்கும்போது மட்டும்தான் நான் எல்லாரையும் போல நடப்பேன், உனக்குத் தெரியும். அதுவும் போய்விட்டது. அவள் இப்போது ஃபோன் திரையில் வருகிறாள். ஃபோனை ஊறுகாய்ப் போத்தலில் சாய்த்தால் அவளுக்கு என் வயிறு தெரியும். நிலத்தில் வைத்தால் கால் தெரியும். என்னை முழுதாகப் பார்த்து நாலு மாதம். விரல்களுக்கு வேலை வேண்டும், கிழமைக்கு ஒரு பக்கமாவது கையால் எழுதுங்கள் என்றாள். கலியாணம் கட்டாதவளுக்குத் தம்பியை விட்டால் எழுத யார் இருக்கிறார்கள்?

போன கிழமை உனக்கும் எனக்கும் நடுவில் எல்லையை மூடிவிட்டார்கள். நாட்டுக்குள்ளேயே எல்லை மூடுவதைச் சண்டைக் காலத்தில் ஊரில்தான் பார்த்திருந்தேன். இங்கே ஆமிக்காரன் கேள்வி கேட்டு அடிப்பதில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம்.

என் தசை வருத்தத்துக்கு மருந்து இல்லை, பயிற்சி ஒன்றுதான். தசை ஒரு கிழமை சும்மா இருந்தால் ஒரு மாதத்துக்கு உரியது கரைந்து போகும். கதிரையில் இருந்து நானாக எழும்பும் வரைக்கும் இந்த வீட்டில் இருக்கலாம். எழும்பாத அன்று பராமரிப்பு இல்லத்துக்குத்தான். அந்த இல்லங்களில் இந்தத் தொற்று என்ன செய்கிறதென்று தினமும் செய்தியில் காட்டுகிறார்கள். நான் வேறொன்றும் கேட்கவில்லை தம்பி, என் வீட்டில் என் குசினியில் என் தேத்தண்ணியை நானே ஊற்ற வேண்டும்.

உதவிகளைத் தீர்மானிக்கும் அரசாங்கக் கந்தோரில் இருந்து ஆகஸ்ட் 18ஆம் தேதி காலை பத்தரைக்கு ஃபோனில் எடுப்பார்களாம். நான் சொல்வதை வைத்துத்தான் அடுத்த வருசத்துக்கு எத்தனை மணித்தியாலம் ஆள் வரும், பிசியோ உண்டா இல்லையா என்பதெல்லாம். நீயும் லைனில் இருக்க வேண்டும். மறக்காதே.

நேரத்துக்குச் சாப்பிடு. உன் மனைவி ரஞ்சினி போனபிறகு நீ சமைப்பதாகச் சொல்வதை நான் நம்பவில்லை.

அன்பு அக்கா,
பாலேஸ்வரி


ஸ்ட்ராத்ஃபீல்ட், சிட்னி
24.07.2020

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். உங்கள் கடிதம் மெல்பேர்ணில் இருந்து பன்னிரண்டு நாள் நடந்து வந்து சேர்ந்தது. உங்களைவிடக் கெதியாகத்தான் நடந்திருக்கிறது. நான் நல்ல சுகம்.

நானும் பதில் எழுதுவேன், ஆனால் எந்த நாளில் வருமென்று சொல்ல மாட்டேன். உங்கள் வாசலில் இருந்து தபால்பெட்டிக்கு இருபத்திரண்டு காலடி. போன முறை வந்தபோது எண்ணினேன். தினமும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பிசியோ உங்கள் வயிற்றை மட்டும் பார்க்கட்டும், காலை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எனக்கு இப்போது பஸ் ஓட்டம் இல்லை. கோவிட் என்றபடியால் பரமட்டாப் பக்கத்து டிப்போவில் கதிரையில் இருந்து செய்கிற வேலை தந்திருக்கிறார்கள். கடைக்கும் போவதில்லை. என்னோடு வேலை செய்யும் பிரதீப்குமார் என்ற மதுரைக்காரர் மேல்வீட்டில் இருக்கிறார், என் வயதுதான். அவரே சாமான்களை வாங்கிவந்து கதவடியில் வைப்பார். வீடியோவில் வா வா என்று நீங்கள் கேட்பது சரிதான், ஃபோனில் கமரா பழுது. திருத்தவும் கடையில்லை.

18ஆம் தேதி பத்தரைக்கு நான் இருப்பேன். உங்கள் ஆங்கிலத்தையும் நம்ப முடியாது, உங்கள் வாயையும் நம்ப முடியாது.

அன்புடன்,
மகேந்திரராஜா


டன்டினோங்
09.08.2020

அன்புத் தம்பிக்கு,

சுகம் கேட்டு எழுதியதற்குச் சந்தோசம். நீ கேட்ட சுகம் இங்கே பாதிதான் இருக்கிறது, மீதியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஊரடங்கு இன்னும் இறுகிவிட்டது. என்னைத் தொடுகிற ஒரே மனுசி கஜந்தி. காலை, மத்தியானம், பின்னேரம் மூன்று தரம் உதவிக்கு வருவாள், கையுறையோடும் முகக்கவசத்தோடும். படகில் வந்தவள், எட்டு வருசமாகியும் விசா இன்னும் தற்காலிகம்தான். அவளுடைய முகத்தின் கீழ்ப்பாதி எனக்கு மறந்தே போய்விட்டது. அவளும் இல்லாவிட்டால் சுவரோடு கதைக்க வேண்டியதுதான்.

ஜூனில் ஒரே மூச்சில் ஐந்து தரம் கதிரையை விட்டு எழும்பினேன். இப்போது மூன்று. கதிரைக்குக் கீழே கட்டை வைத்து உயர்த்திய பிறகும் மூன்று. களைக்கும்முன் நிறுத்த வேண்டும், மிஞ்சிச் செய்தாலும் தசை கெடும் என்று பிசியோ சொல்கிறாள். செய்தாலும் குற்றம், செய்யாவிட்டாலும் குற்றம்.

நேற்று சும்மா இருந்து அப்பாவை நினைத்தேன். அவரைத் 'தாரா நடை', வாத்து நடை என்று ஊரே பகிடி பண்ணியது. எனக்கு முப்பதில் தொடங்கியது. பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் பாயில் இருந்துவிட்டு எழும்ப முடியாமல் நான் கையூன்றியதும், அந்த மனுசி தேத்தண்ணியைப் பாதியில் வைத்ததும் உனக்கு நினைவிருக்கும். அதைவிட எனக்கு நீதான் பயம். உனக்கும் வந்துவிடுமோ என்று எத்தனை வருசம் உன் நடையைப் பின்னால் நின்று பார்த்திருப்பேன். இரத்தப் பரிசோதனை செய் என்று டொக்டர் சொன்னபோது எனக்கொன்றுமில்லை என்று ஓடிவிட்டாய். இப்போது உனக்கு ஐம்பத்தேழு. நீ தப்பிவிட்டாய். எங்கள் வீட்டில் ஒருவனாவது நிமிர்ந்து நடக்கிறான், எனக்கு அது போதும்.

18ஆம் தேதி. பத்தரை.

அக்கா


டன்டினோங்
20.08.2020

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. சுகமா?

நீ லைனில் வரவில்லை. அந்தப் பெண் உன் நம்பருக்கு இரண்டு தரம் அடித்துப் பார்த்தாள். பிறகு நானும் அடித்தேன். பின்னேரம் 'வேலையில் மாட்டிவிட்டேன்' என்று ஒரு வரி அனுப்பினாய். சரி, வேலைதானே பெரிது.

நீ இல்லாமலும் நன்றாகவே முடிந்தது. மொழிபெயர்க்க ஒரு இந்தியப் பிள்ளையைப் போட்டார்கள், பிரசன்னா என்று பெயர். நல்ல மரியாதை. "வணக்கம் மேடம், நீங்க சொல்றதை அப்படியே இங்கிலீஷ்ல சொல்லுவேன்" என்றான். எப்படி நடக்கிறீர்கள் என்று கேட்டார்கள். "ஆறுதலாத்தான் நடக்கிறன் தம்பி" என்றேன். சேரில் இருந்து எழுந்திருப்பது எப்படி என்றார்கள். "அதுவும் ஆறுதலா எழும்புவன்." குளிப்பது? "எல்லாம் ஆறுதலா, ஆறுதலாச் செய்வன்."

நான் ஒன்றையும் மறைக்கவில்லை. அதற்காக அது ஏலாது, இது ஏலாது என்று அந்நியர்களுக்கு முன்னால் பிச்சைக்காரி மாதிரி அடுக்கவும் எனக்கு வராது. இருபது நிமிசத்தில் முடித்துவிட்டார்கள். கஷ்டமென்றால் இன்னும் நேரம் எடுத்திருப்பார்கள்தானே.

தபால்பெட்டியைத் தினமும் பார்க்கிறேன்.

அக்கா பாலேஸ்வரி


ஸ்ட்ராத்ஃபீல்ட்
06.09.2020

அன்புள்ள அக்கா,

என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். அன்று வர முடியவில்லை. காரணம் சொல்வதற்கு ஒன்றும் பெரிதாக இல்லை, வேலைதான்.

எழுத்துக் கோணலாக இருப்பதற்குக் கை சுளுக்கியது காரணம். பயப்படும்படி ஏதுமில்லை. நான் சுகம்.

தம்பி


டன்டினோங்
27.09.2020

அன்புத் தம்பிக்கு,

உன் கை எப்படி இருக்கிறது? நல்லெண்ணெய் போட்டு உருவு.

கந்தோரில் இருந்து முடிவு வந்துவிட்டது. கஜந்தி எனக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டினாள். நடப்பது, எழும்புவது, குளிப்பது எல்லாம் சௌகரியமாகச் செய்வதாக நானே சொன்னேனாம். சௌகரியமாக! அதனால் ஒக்டோபர் 12இல் இருந்து மத்தியானம் ஆள் வராது. பிசியோவும் ஒக்டோபரோடு முடிகிறது. தனியே இருக்கப் பயமென்றால் பராமரிப்பு இல்லங்களின் பட்டியல் இணைத்திருக்கிறார்களாம். நாலு பக்கம்.

நான் எங்கே அப்படிச் சொன்னேன்? இரண்டு நாளாக மண்டையைப் போட்டு உடைக்கிறேன். அந்தப் பிள்ளை ஏன் பொய் சொன்னான்? அவனுக்கும் எனக்கும் காணித் தகராறா?

பிசியோப் பெண்ணுக்குச் சொன்னேன். திரையில் அவள் கண் கலங்கியதைப் பார்த்தேன். நீங்கள் இப்போது நிறுத்தினால் கிறிஸ்மசுக்குள் எழும்ப மாட்டீர்கள் என்றாள். இவ்வளவு வருசத்தில் அவள் இப்படி நேராகச் சொன்னதில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. வேறு யாருக்கும் இதைச் சொல்லவில்லை.

அக்கா


ஸ்ட்ராத்ஃபீல்ட்
10.10.2020

அன்புள்ள அக்காவுக்கு,

கை சரியாகிவிட்டது. இதை ஆற அமர இருந்து வாசியுங்கள்.

நேற்று பிரதீப்குமார் அரிசி மூட்டையோடு வந்தார். "ஆறுதலா வாங்கோ, அவசரமில்லை" என்றேன். மனுசன் கதவடியிலேயே நின்றுவிட்டார். "என்ன அண்ணே, எனக்கு ஆறுதல் சொல்ற அளவுக்கு என்ன ஆச்சு? ஊர்ல எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களுக்கு ஆறுதலாக என்றால் மெதுவாக, நேரமெடுத்து என்று பொருள். அவர்களுக்கு அந்தப் பொருளே கிடையாது. அவர்களுக்கு ஆறுதல் என்றால் மனம் ஆறுவது, நிம்மதி. நீங்கள் மெல்ல மெல்ல நடக்கிறேன் என்றீர்கள். நிம்மதியாக நடக்கிறேன் என்று பிரசன்னா விளங்கிக்கொண்டான். அதை ஆங்கிலத்தில் போட்டால் சௌகரியம்தான் வரும். அவன் பொய் சொல்லவில்லை அக்கா. தன் ஊர்ச் சொல்லை மொழிபெயர்த்தான்.

மறுபரிசீலனை கேட்கலாம். கடிதம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபிக்கக் கூடாது. நான் அன்று லைனில் இருந்திருந்தால் இது நடந்திருக்காது, அந்தப் பிழை என்னுடையது. ஆனால் நீங்கள் ஏலாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் எந்த ஊர்க்காரனும் பிழையாக விளங்கியிருக்க மாட்டான். மூன்று தரத்துக்கு மேல் எழும்ப முடியாதவர் ஆறுதலாக எழும்புவேன் என்று ஏன் சொன்னீர்கள்? யாருக்கு முன்னால் இந்தப் பெருமை?

அன்புடன்,
தம்பி


டன்டினோங்
08.11.2020

தம்பி மகேந்திரராஜாவுக்கு,

அன்பு என்ற சொல்லை வேண்டுமென்றுதான் விட்டேன். நாலு கிழமை எழுதாமல் இருந்ததும் வேண்டுமென்றுதான். ஞாயிறுகளில் நீ வெயிலைப் பற்றிக் கேட்டாய், நானும் வெயிலைப் பற்றிச் சொன்னேன்.

நீ எழுதிய கடிதத்தில் கையெழுத்துப் போடாமல் மேசையில் வைத்திருந்தேன். பெருமை என்றாயே, அந்தக் கோபம். பிறகு ஒரு புதன்கிழமை காலையில் சோபாவில் நல்ல வெயில் விழுந்தது. தாழ்ந்த சோபா, இருக்கக் கூடாதென்று தெரியும். கொஞ்ச நேரம்தானே என்று இருந்தேன். பத்து மணி. எழும்ப முடியவில்லை. ஃபோன் குசினியில். மத்தியானம் ஆள் வருவதை நிறுத்தியாகிவிட்டது. கஜந்தி வரும்போது பின்னேரம் ஐந்தரை.

ஏழரை மணித்தியாலம் தம்பி. வெயில் சோபாவை விட்டுப் போய், சுவரில் ஏறி, அங்கேயிருந்தும் போய்விட்டது. சலமும் அடக்க முடியாமல் அங்கேயே போனது. தம்பிக்கு எழுதும் விசயமல்ல, என்றாலும் எழுதுகிறேன். இடையில் தபால்காரனின் மோட்டார்சைக்கிள் நின்றது கேட்டது. உன் கடிதமாக இருக்கும் என்று நினைத்து இன்னொரு தரம் எழும்பப் பார்த்தேன். அது மின்சார பில்.

கஜந்தி வந்து விளக்கைப் போட்டாள். "எனக்கு ஏலாது பிள்ளை" என்றேன். அவள் என்னைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அது எனக்கு எப்பவோ தெரியும் அன்ரி. நீங்களாச் சொல்லட்டும் எண்டு இருந்தனான்."

அன்றே கையெழுத்துப் போட்டேன். கஜந்தியே கந்தோருக்கு அனுப்பினாள். இந்த வெள்ளிக்கிழமை மறுபடி கேட்டார்கள், வீடியோவில். கஜந்தி ஃபோனைப் பிடித்தாள். பிசியோப் பெண்ணும் இருந்தாள். மொழிபெயர்க்க அதே பிரசன்னாவைத்தான் கேட்டு வாங்கினேன், ஒருமுறை பிழை விட்டவன் மறுமுறை கவனமாக இருப்பான். "எங்க ஊர்ல ஆறுதல்னா வேற மேடம். மன்னிச்சிடுங்க" என்றான். "பரவாயில்லை தம்பி, இந்தமுறை வேற சொல்லுச் சொல்லுறன்" என்றேன்.

பிறகு கேள்வி ஒவ்வொன்றுக்கும் சொன்னேன். எழும்ப ஏலாது. குனிய ஏலாது. தலை வார ஏலாது. கட்டிலில் திரும்பிப் படுக்க ஏலாது. தேத்தண்ணிக் கேத்தலைத் தூக்க ஏலாது. பதினொரு தரம், நானே எண்ணினேன். ஐந்தாவதோடு அழுகை வந்துவிட்டது, அழுதழுது சொன்னேன். முடிந்தபிறகு எனக்கு வெட்கமாக இல்லை. களைப்பாக இருந்தது.

நீ சொன்னது சரி. அதற்காகத்தான் இன்னும் கோபம்.

அக்கா


ஸ்ட்ராத்ஃபீல்ட்
25.11.2020

அன்பை விட்டுவிட்டு எழுதிய அக்காவுக்கு, இரண்டு மடங்கு அன்போடு தம்பி எழுதுவது.

உங்கள் கடிதத்தை முதல் நாள் பாதிதான் வாசிக்க முடிந்தது. அந்த ஏழரை மணித்தியாலம் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

இனித் தாழ்ந்த இடத்தில் மாட்டுப்பட்டால் நேரே எழும்பப் பார்க்காதீர்கள். முதலில் விளிம்புக்கு அரக்கி அரக்கி நகர்ந்து வாருங்கள். வலது பாதத்தைக் கொஞ்சம் உள்ளே திருப்பி வையுங்கள், அப்போதுதான் பாதியில் முழங்கால் மடிந்து விழாது. இடது கையைத் தொடையில் ஊன்றி, மூச்சை விட்டபடி எழும்புங்கள். மேசையைப் பிடித்து இழுக்க வேண்டாம். இழுத்தால் தோள் களைத்துவிடும், பிறகு பல்லுத் தீட்டக்கூடக் கை உயராது.

எல்லை திறக்கிறார்கள், எப்போது வருகிறாய் என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டீர்கள். டிப்போவில் ஆள் பற்றாக்குறை அக்கா. கிறிஸ்மஸ் போகட்டும், பார்ப்போம்.

முடிவு வந்ததும் அறிவியுங்கள்.

தம்பி மகேந்திரராஜா


டன்டினோங்
20.12.2020

அன்புத் தம்பிக்கு,

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். வென்றுவிட்டேன். மத்தியானமும் ஆள் வரும். ஜனவரியில் இருந்து பிசியோப் பெண் கிழமைக்கு இரண்டு நாள் வீட்டுக்கே வருவாள். கஜந்தி கேசரி கிண்டினாள், முகக்கவசத்தைக் கழற்றி எனக்கு எதிரே இருந்து சாப்பிட்டாள். அவளுக்கு ஒரு தெற்றுப்பல் இருப்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

இனி என் கேள்வி. பாதத்தை உள்ளே திருப்பினால் முழங்கால் மடியாதென்று உனக்கு யார் சொன்னது?

நீ எழுதியபடி செய்து பார்த்தேன், எழும்பினேன். முடிவைச் சொல்ல எடுத்தபோது பிசியோப் பெண்ணுக்குத் திரையில் செய்து காட்டினேன். நான் சொல்லித்தரவில்லையே, யார் சொன்னது என்றாள். தம்பி என்றேன். "அவருக்கும் இந்த வருத்தம் இருக்கிறதா?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

தோள் களைத்தால் பல்லுத் தீட்டக் கை உயராது என்பதை நான் யாருக்கும் சொன்னதில்லை, உனக்கும் சொன்னதில்லை. முப்பது வருசம் இந்த உடம்புக்குள் இருக்கிறேன் தம்பி. அது இதற்குள் இருக்கிறவர்களுக்கு மட்டும் தெரிகிற விசயம்.

உன் கடிதங்களை எடுத்து மறுபடி வாசித்தேன். பஸ் ஓட்டம் இல்லை, கோவிட். கடைக்குப் போவதில்லை, கோவிட். கமரா பழுது, திருத்தக் கடையில்லை, அதுவும் கோவிட். ஊரெல்லாம் அந்த நோய்க்கு ஒளிந்தது, நீ அந்த நோய்க்குப் பின்னால் ஒளிந்திருக்கிறாய். இன்று நள்ளிரவோடு சிட்னிக்கு மறுபடி எல்லை மூடுகிறார்களாம். உனக்கு வசதியாகப் போயிருக்கும்.

உண்மையை எழுது. ஃபோனில் வேண்டாம். ஃபோனில் நீ சிரித்து மழுப்புவாய்.

அக்கா பாலேஸ்வரி


ஸ்ட்ராத்ஃபீல்ட்
31.01.2021

அக்கா,

சுகம் விசாரிக்கும் துணிவு இல்லாமல் தொடங்குகிறேன்.

ஓம். எனக்கும் வந்துவிட்டது. மூன்று வருசமாகிறது. முதலில் படி ஏறக் கஷ்டமாக இருந்தது, வயசு என்று நினைத்தேன். நான் நினைக்கவில்லை, நினைக்க முயன்றேன். போன வருசத்துக்கு முந்திய வருசம் ஒரு நாள் பரமட்டாவில் சிக்னலில் நிற்கும்போது பிரேக்கில் இருந்த கால் நான் சொன்னபடி கேட்கவில்லை. ஒரு கணம்தான். பஸ்ஸுக்குள் பள்ளிப் பிள்ளைகள் இருந்தார்கள். அன்று பின்னேரமே சாவியைக் கொடுத்துவிட்டு, வேறு வேலை தாருங்கள் என்று கேட்டேன். கோவிட் வந்தது பிறகுதான்.

ஆகஸ்ட் 18. உங்களுக்காக லீவு போட்டிருந்தேன். காலையில் ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேசனடிக்குப் போய்ப் பிஸ்கட்டும் பாலும் வாங்கிக்கொண்டு வந்து லைனில் இருப்போம் என்று போனேன். ஸ்டேசன் படியில் விழுந்தேன். வலது மணிக்கட்டு முறிந்தது, சுளுக்கு அல்ல. அந்தக் கடிதத்தை இடது கையால் எழுதினேன். ஃபோன் இரண்டு படி கீழே கிடந்து அடித்தது. 'அக்கா' என்று திரையில் தெரிந்தது. எட்டி எடுக்க முடியவில்லை. கோவிட் காலம், சனமில்லை. வந்த இரண்டு பேரும் தொட்டால் தொற்றிவிடும் என்று தள்ளி நின்றே அம்புலன்சுக்கு அடித்தார்கள். நீங்கள் அங்கே ஆறுதலா, ஆறுதலா என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம் நான் இங்கே படியில் கிடந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஒருவனாவது நிமிர்ந்து நடக்கிறான், எனக்கு அது போதும் என்று எழுதினீர்கள். உங்களுக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே ஆறுதல் அதுதான். இது எல்லா ஊருக்கும் பொதுவான ஆறுதல் அக்கா. அதைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த வருத்தத்துக்கு டொக்டரிடம் இன்னும் போகவில்லை. பெயர் வைத்துவிட்டால் உண்மையாகிவிடும் என்று பயம். ஆறு கிழமை இதை எழுதி எழுதிக் கிழித்தேன். என் வீட்டுக்குப் பதினாறு படி. கீழே இறங்கினால் ஏறுவேனோ என்று கிழமைக்கு ஒரு தரம்தான் இறங்குகிறேன், வேலையையும் வீட்டில் இருந்து செய்யக் கேட்டு வாங்கிவிட்டேன். பிரதீப்குமாருக்கும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

தம்பி


டன்டினோங்
09.02.2021

என் தம்பிக்கு,

உன் கடிதத்தைத் தபால்பெட்டியைப் பிடித்தபடி நின்றே வாசித்தேன். திரும்பி வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. கஜந்தி என்ன அன்ரி என்று கேட்டுக்கேட்டுக் களைத்துவிட்டாள்.

கோபமில்லை. கவலை இருக்கிறது, அதை உனக்கு எழுதிக் காட்டத் தேவையில்லை. அந்த ஃபோன் கீழே கிடந்து அடித்ததைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். நான் அப்போது உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன் தம்பி.

முதல் வேலையாக டொக்டரிடம் போ. பெயர் வைக்காவிட்டாலும் அது உண்மைதான். நான் பிசியோப் பெண்ணிடம் கேட்டுவிட்டேன். இப்போதே பயிற்சி தொடங்கினால் உனக்கு இன்னும் நிறைய வருசம் நடை இருக்கும் என்றாள். எனக்குத் தொடங்கும்போது யாரும் இப்படிச் சொல்ல இருக்கவில்லை.

மற்றது, நேற்று அவள் வந்தாள். என்னைத் தொட்டுப் பிடித்துப் பயிற்சி தந்ததில் ஒரு மாதத்தில் மறுபடி ஐந்து தரம் எழும்பினேன். அவளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை, கை தட்டினாள். இனி நீங்கள் பயமில்லாமல் தனியே இருக்கலாம் என்றாள். பையை எடுத்துக்கொண்டு போனாள், கதவு சாத்தியது. கஜந்தி வர இன்னும் நாலு மணித்தியாலம் இருந்தது. வென்றவள் கதிரையில் இருந்து குளிர்பெட்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எல்லை திறந்திருக்கிறது. எந்த நேரமும் மூடுவார்கள், அதனால் யோசித்துக்கொண்டிருக்காதே. ஏர்போர்ட்டில் கேட்டால் சக்கரக் கதிரை தருவார்கள், வெட்கப்படாமல் கேள். வேலையை இங்கிருந்தும் செய்யலாம்தானே. பின்னறையைக் கஜந்தி துடைத்து வைத்திருக்கிறாள். இந்த வீட்டுக்கு ஒரு படியும் இல்லை. என்னைப் பார்க்க வருகிறேன் என்று வராதே, இருக்க வா.

பதினொரு தரம் ஏலாது என்று சொன்னதாக உனக்கு எழுதினேன். பன்னிரண்டாவதாக ஒன்று இருந்தது. அவர்களுடைய தாளில் அப்படி ஒரு கேள்வி இல்லை, அதனால் நானும் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன். எனக்குத் தனிய இருக்க ஏலாது தம்பி.

உன் அக்கா,
பாலேஸ்வரி